புது வண்டியின் இருக்கை

நேற்று மாலை வேலை முடிந்தபோது, புதிய எக்ஸ்கவேட்டரின் மண் அள்ளும் பக்கெட் தன் ஐந்து பற்களையும் கல்குவாரியின் பள்ளத்தை நோக்கித் தாழ்த்திக் கிடந்தது. இன்று காலை அவை புல்டோசரை நோக்கித் திரும்பியிருந்தன. பக்கெட் நகர்ந்ததற்கு ஈரமண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. புல்டோசர் ஓட்டுநர் மட்டுமே அதைக் கவனித்தார். கடந்த பத்து நாள்களாக அந்த வண்டியை அவரளவுக்கு உற்று நோக்கியவர் வேறெவருமில்லை.

பதினாறு ஆண்டுகளாக, முதுகெலும்பை உலுக்கும் பழைய புல்டோசரில் அமர்ந்து புழுதியை விழுங்கியவர் அவர். ஆயினும் குளிரூட்டிய கேபினும் மெத்தை இருக்கையும் கொண்ட புதிய வண்டி, சென்ற ஆண்டு வேலையில் சேர்ந்த அவருடைய மைத்துனனுக்கே தரப்பட்டது. "என் தம்பி ஓட்டுற வண்டி ரெண்டு மாடி உயரம்" என்று மனைவி பக்கத்து வீட்டாரிடம் பெருமை பேசியபோது, அவருடைய வாயிலிருந்த கவளம் மண்ணாயிற்று.

"அண்ணே, அப்படிப் பாக்காதீங்க. பெயிண்ட் உரிஞ்சிடப்போகுது!" என்று மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே மூடுபனிக்குள் மறைந்தார்.

மைத்துனன் கிரீஸ் துப்பாக்கியுடன் வந்தான். பக்கெட்டின் மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிப்பவன் வண்டியின் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது குவாரியின் மாறாத விதி. அவனோ சாவியை அவரிடம் நீட்டினான்.

"இத நீங்க வச்சுக்குங்க மாமா. ஒரு தடவ மேல ஏறி உக்காந்துதான் பாருங்களேன். உங்களுக்கு இல்லாத உரிமையா?"

"உன் வண்டி மாப்ள. எனக்கெதுக்கு?"

"அட, சும்மா ஏறுங்க மாமா!" என்று கூறிவிட்டு, அவன் பக்கெட்டுக்கும் அதைத் தாங்கும் இரும்புக் கைக்கும் இடையே குனிந்து நுழைந்தான்.

அவர் ஏறினார். புதுத் தோலின் மணமும் டீசலின் மணமும் கலந்து, பூட்டிவைத்த அறையில் உறங்கும் ஒருவருடைய மூச்சைப் போல அவருடைய முகத்தில் படர்ந்தன. இருக்கை அவருடைய எடைக்கேற்ப மெல்லத் தாழ்ந்து, முதுகின் ஒவ்வொரு வளைவையும் தேடித் தேடித் தாங்கியது. இவ்வளவு சுகத்தையா இந்தப் பொடியன் தினமும் அனுபவிக்கிறான்? இவன் இல்லாதிருந்தால்...

எண்ணம் முடிவதற்குள் கதவு தானாக மூடிக்கொண்டது.

எஞ்சின் உறுமவில்லை. சாவி அவருடைய கைக்குள்தான் இருந்தது. ஆயினும் வலப்புற லீவர் அசைந்தது. அவர் அதைப் பற்றி இழுத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு மனிதக் கையைப் போல.

"மாப்ள, வெளிய வா!"

கண்ணாடி அக்குரலை விழுங்கிற்று. மைத்துனன் நிமிர்ந்தான். அவரைப் பார்த்துப் புன்னகைத்தான்.

பக்கெட் மடங்கியது. ஓசையின்றி. மெதுவாக.

அவர் கதவை உதைத்தார். திறக்கவில்லை. லீவரைப் பின்னால் இழுத்தார். அது முன்னால் சென்றது. கிரீஸ் துப்பாக்கி மண்ணில் விழுந்தது. புன்னகை மறைந்தது. பின்னர் ஒரு கை மட்டும் தெரிந்தது. பின்னர் அதுவும் இல்லை.

இருக்கை அவரை இன்னும் ஆழமாக அணைத்துக்கொண்டது. அவருடைய காதுக்கு மிக அருகில், இருக்கையின் தலை சாயும் மெத்தைக்குள்ளிருந்து, மைத்துனனின் அதே மரியாதை மாறாத குரல் கேட்டது:

"வசதியா இருக்கா மாமா?"