இருபதாவது பாடம்

"மீண்டும் வருக" என்றது கம்ப்யூட்டர் திரை.

வராதவளுக்கு ஏது மீண்டும்? நாளைக் காலையில்தான் பயிற்சி ஆசிரியை இந்தப் பள்ளிக்குள் முதன்முதலாகக் காலடி வைக்கப்போகிறாள். அவளுக்கான கணக்கைத் திறந்து, மைக், கேமரா, பாடக் குறிப்பு எல்லாவற்றையும் தயார் செய்துவைக்கத்தான் ஆசிரியை ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆளில்லாத வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

சங்கு டீச்சர் என்பது பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர். ஆலைச் சங்கு ஊதினாற்போல் மூன்று வகுப்புக்குக் கேட்கும் தொண்டை. இருபத்தெட்டு வருடம் ஊதிய சங்கு, இரண்டு மாதமாக வெறும் காற்றாகிவிட்டது. உள்ளே கட்டி, மூன்று மாதம் வாயைத் திறக்காதீர்கள் என்றார் மருத்துவர். தலைமை ஆசிரியர் காதுக்குப் போனால் நூலகத்தில் தூசி தட்ட அனுப்பிவிடுவார். பயிற்சிக்கு வருகிறவர்கள் என்றாலே எரிந்துவிழுகிறவள், இந்த முறை தானே போய், "என் வகுப்புக்கு ஒண்ண அனுப்புங்க சார்" என்று கேட்டு வாங்கியது அதனால்தான். அவள் கத்தட்டும், நம் தொண்டை தேறட்டும்.

கம்ப்யூட்டர் சாருக்குப் போன் போட்டாள்.

"என்ன சார், பொண்ணு இன்னும் வரவே இல்ல, இது மீண்டும் வருகங்குது."

"யாரு, டீச்சரா? எறும்பு பேசற மாதிரி இருக்கு."

"ஜலதோஷம். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"புதுக் கணக்குன்னா மேல எழுதிப்போட்டு ரெண்டு வாரம் காத்துக்கெடக்கணும். பழசு ஒண்ணு சும்மா கெடந்துச்சு, பேர மட்டும் மாத்திக் குடுத்துட்டேன். புது மொந்தை, பழைய கள்ளு."

"யாரோட பழசு?"

மறுமுனையில் கம்ப்யூட்டர் சார் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு வருஷம் முன்ன உங்ககிட்ட வந்துச்சே. அந்தப் பொண்ணோடது. வேணாம்னா இப்பவே மூடிடறேன் டீச்சர். ஆனா புதுக் கணக்கு வர்றவரைக்கும், ரெண்டு வாரத்துக்கு நீங்கதான் பாடம் நடத்தணும்."

 "இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பெண். குரலெடுத்தால் மேசையில் உட்கார்ந்த ஈகூட எழுந்து போகாது. ஆசிரியை கடைசி பெஞ்சில் சாய்ந்துகொண்டு, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "கேக்கல" என்பாள். பிள்ளைகள் சிரிக்கும். "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா? கேக்கல." நாலாவது நாளிலிருந்து நாற்பது பிள்ளைகளும் காதில் கை குவிக்கக் கற்றுக்கொண்டன. பத்தொன்பது நாள். இருபதாம் நாள் அவள் வரவில்லை. உடலை ஆற்றில் எடுத்தார்கள். "அதுக்கு நான் என்ன பண்ண? தொண்டையில்லாதவளுக்கு டீச்சர் வேலை எதுக்கு?" என்று ஆசிரியர் அறையில் கேட்டது இவள்தான். அந்தக் கேள்வியும் மூன்று வகுப்புக்குக் கேட்டது.

பழைய பாடக் குறிப்புகள் அப்படியே இருந்தன. பத்தொன்பது. ஒவ்வொன்றின் அடியிலும் பார்வையாளர் கருத்து என்ற கட்டத்தில், இவள் தட்டிய ஒரே சொல்: கேட்கவில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். பத்தொன்பதும் அழிந்தன. ஒன்று மட்டும் மிஞ்சியது.

பாடம் இருபது. தேதி, இன்று. நேரம், நாலரை. பார்வையாளர் என்ற இடத்தில் இவள் பெயர்.

அதையும் அழித்தாள். வந்தது. மறுபடி அழித்தாள். வந்தது.

"அரைகுறை வேலை" என்று கம்ப்யூட்டர் சாரைத் திட்டினாள். சொல் உதட்டைத் தாண்டவில்லை. மணி நாலு இருபது. மைக்கையும் கேமராவையும் சோதித்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம்.

வெயில் விழுந்தால் சுவரிலிருந்த ஸ்மார்ட் பலகையில் படம் தெரியாது என்பதால் திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டாள்; கோடை முழுதும் பூட்டிக்கிடந்த அறையின் புழுக்கத்தில் துணியின் தூசியும் பழைய பெயின்டும் சூடேறிய ஒயரும் கலந்து மணக்க, அவற்றுக்கு அடியில், எங்கிருந்தென்று தெரியாமல், சேற்றில் ஊறிய இலையின் வாடை மெல்ல எழுந்துவந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் மைக் பெட்டி இருந்தது. மூன்று வருடமாக யாரும் தொடாதது. மேலே விரல்கனத் தூசி. திறந்தாள். மைக்கின் முனையில் செருகியிருந்த பஞ்சு ஈரமாக இருந்தது.

கைக்குட்டையால் துடைத்தாள். பிழிந்தாள். பஞ்சிலிருந்து கலங்கல் நீர் மணிக்கட்டு வரை வழிந்தது.

மேசைமேல் மைக்கை வைத்து, அதன் வாயருகே சின்ன மேசைக் கடிகாரத்தை நிறுத்தினாள். பலகைக்கு மேலிருந்த கேமராவை முடுக்கினாள். காலி பெஞ்சுகள் பலகையில் தெரிந்தன. பின்னால்வரை கேட்கிறதா என்று பார்க்கக் கடைசி பெஞ்சுக்கு நடந்தாள். வழக்கமான இடம். உட்கார்ந்தாள்.

டிக், டிக், டிக் என்றது கூரையிலிருந்த ஸ்பீக்கர். தெளிவாகத்தான் இருந்தது.

டிக். டிக்.

இடையில் இன்னொன்று.

மூச்சு. தண்ணீருக்குள் இழுத்த மூச்சு. குமிழ் குமிழாக.

மணி நாலரை.

கடிகாரச் சத்தம் நின்றது. முள் மட்டும் ஓடியது.

"பிள்ளைங்களா," என்றது கூரை. மெல்லிய குரல். ஒரு எழுத்தும் தேயவில்லை. "பின்னால கேக்குதா?"

எழுந்திருக்கப் பார்த்தாள்.  கதவு மேசைக்கு அந்தப் பக்கம். மேசையருகே யாரும் இல்லை. மேசை விளிம்பிலிருந்து நீர் சொட்டியது.

யாரது என்று கேட்க வாயைத் திறந்தாள்.

குரல் இல்லை. இரண்டு மாதமாக மிச்சமிருந்த காற்றும் இல்லை. தொண்டையில் குளிர்ச்சி. நெஞ்சிலிருந்து மேலே. நாக்கில் மணல். வாயோரம் நீர் வழிந்து பெஞ்சில் விழுந்தது. இன்னும் வந்தது.

"கேக்கல, டீச்சர்."

நிமிர்ந்தாள். பலகையில் இதே அறை. கடைசி பெஞ்சில் ஒருத்தி, கரையில் போட்ட மீனைப்போல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். படத்தில் மேசையருகே யாரும் இல்லாமல் இல்லை. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீர் சொட்டும் ஒற்றைப் பின்னலோடு ஒருத்தி நின்றிருந்தாள்.

"கொஞ்சம் சத்தமா."

பின்னல்காரி அவசரப்படவில்லை. வலது கையைத் தூக்கினாள். வீங்கி வெளுத்த விரல்களை ஒவ்வொன்றாகக் குவித்தாள். காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, காத்திருந்தாள்.