மாடிக்கு மட்டும் பாட்டு

திருமழிசைக் கல்யாண மண்டபத்துக்கு மைக்செட் துலுக்கானம் வழக்கம்போல விடியலிலேயே வந்து, நாதஸ்வரக் கேசட்டைப் போட்டார். இன்று மணப்பெண் அவருடைய மகள் கண்ணம்மா. அது ஒன்றுதான் புதிது.

வாசல், மேடை, பந்தி, மாடியில் மணமகள் அறை என்று நாலு இடத்துக்கும் தனித்தனி ஸ்பீக்கர் பெட்டியும் ஒலித் திருகும் வைத்திருந்தார். வாசலில் காதைக் கிழிக்கும் அதே நாதஸ்வரம் பந்தியில் காதோடு பேசும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன ஆவணியில் சொர்ணம் என்ற பெண், கல்யாணம் வேண்டாமென்று மாடியில் கதறினாள். மேனேஜர் கங்காதரன் ஓடி வந்தார்.

"மாடிக்கு மட்டும் ஏத்து, துலுக்கானம். சனம் அண்ணாந்து பாக்குது."

ஏற்றினார். மேடைக்கு அழைக்கப் போனவர்கள் அவளை மின்விசிறியிலிருந்துதான் இறக்கினார்கள்.

அதன்பிறகு எந்த முகூர்த்தமானாலும், மணப்பெண் கீழே இறங்கியதும் அந்தக் காலி அறையில் அழுகை கேட்கும். மாடிக்கு மட்டும் பாட்டை ஏற்றினால் அடங்கிவிடும். வெட்கக்கேடுதான், ஆனாலும் அவருக்கு அது பழகிப்போயிருந்தது.

மாப்பிள்ளை வந்து இறங்கினார். ஆரத்தி எடுக்கப் பெண்களெல்லாம் தடதடவென்று மாடியிலிருந்து ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே, காய்ந்த மல்லிகை வாடையோடு அழுகையும் படியிறங்கி வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஜெகதாம்பாள் முகம் சுளித்தாள். "நல்ல நாளும் அதுவுமா மேல யாரு அழுவுறது?"

"யாரும் இல்லமா. பெட்டி எரையுது," என்றார் துலுக்கானம்.

கல்யாணம் நின்றுபோனால் மகள் கதி என்ன? மேலே காலி அறைதானே என்று, பதறிப்போய் மாடித் திருகை ஏற்றினார்.

"இன்னிக்கு ஒரு நாளாவது வாய மூட்றி."

அழுகை கூடியது.

கடைசிவரை திருகினார்.

அடங்கியது.

காலித் தட்டோடு வந்த மனைவி அங்கம்மாவிடம், "கண்ணம்மா எங்க?" என்றார்.

"மேலதான் கீது. மாப்ள வர்றப்ப பொண்ணு எதிர்ல வரக்கூடாதுல்ல? வெளிய தாப்பாள் போட்டுகினு வந்தேன்."

துலுக்கானத்தின் கை இன்னும் அந்தத் திருகின் மேலேயே இருந்தது.

கதவைத் திறந்தபோது நாதஸ்வரம் அறைந்தது. கண்ணம்மா மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. கழுத்தில் புதுமாலைக்கு மேல் இன்னொரு மாலை, நாரும் சருகுமாக.

எல்லோரும் போன பிறகு துலுக்கானம் மாடிப் பெட்டியின் ஒயரை அறுத்தெறிந்தார்.

பெட்டி கரகரத்தது, கண்ணம்மாவின் குரலில்.

"பாட்டக் கொற, நைனா. அவ எந்தப் பக்கம் வர்றான்னு எனுக்குக் கேக்கல."