மயிரிழை இடைவெளி

கண்ணாடி அலமாரிக்குள் நின்ற சின்ன லாரியின் பின்சக்கரத்தில் சேறு ஒட்டியிருந்தது.

பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். முழங்கை நீளம்கூட இல்லாத அந்த வண்டி, மகன் ஓட்டும் லாரியின் அச்சு அசல். பிளாஸ்டிக் பாகங்களை வாங்கி, அரத்தால் தேய்த்து, சின்னக் கத்தியால் செதுக்கி, நெற்றியில் வைத்த கூடுதல் விளக்குகள் முதல் பக்கவாட்டில் ஓடும் சிவப்புப் பட்டை வரை ஒன்று விடாமல் அவரே சேர்த்திருந்தார். இந்தப் பொழுதுபோக்கில் மற்றவர்கள் துருவையும் புழுதியையும் வேண்டுமென்றே தீட்டி வண்டிக்கு வயதேற்றுவார்கள். அவருக்கு அது ஆகாது. அவர் குடும்பத்து லாரி எதுவும் அழுக்கோடு தெருவில் இறங்கியதில்லை, பொம்மையானாலும் இறங்காது.

ஈரத்துணியால் துடைத்தார். துணியை முகர்ந்தார். பெயிண்ட் வாடை இல்லை, தின்னர் வாடை இல்லை. ஆற்றோரத்தில் அழுகிக் கிடக்கும் இலையின் வாடை.

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு இடம் கொடுக்காமல் லாரித் தொழிலை நடத்தி மகன் கையில் கொடுத்த மனிதர், பொம்மை வண்டி எங்கேயோ போய்விட்டு வருகிறது என்று சொன்னால் தெரு என்ன பேசும்? கிழவருக்கு மரை கழன்றுவிட்டது என்பார்கள். அதற்குப் பிறகு மருமகள் எப்படித் தலைநிமிர்ந்து கடைவீதிக்குப் போவாள்?

அதன் பிறகு வீடு அடங்கிய நேரங்களில் அலமாரியிலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. ஓடி வந்த எஞ்சின் ஆறும்போது உள்ளே எங்கோ இரும்பு சுருங்கி எழுப்பும் டிக், டிக். எஞ்சினே இல்லாத அந்த வண்டியின் முகப்பில் உள்ளங்கையை வைத்தால் சூடாக இருந்தது. ஒருநாள் அதன் வலப்பக்கக் கண்ணாடி மடங்கிக் கிடந்தது. அன்று மாலை மகன் வீட்டுக்கு வந்து, ஒரு பஸ்காரன் உரசிக் கண்ணாடியை மடக்கிவிட்டான் என்று சிரித்துக்கொண்டே சொன்னபோது, பெரியவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது கதவு.

காலையில் எழுந்து பார்க்கும்போதெல்லாம் டிரைவர் பக்கக் கதவு மயிரிழை அளவு திறந்திருந்தது. கதவு சரியாகப் படியாவிட்டால் செய்தவனின் கை தெரிந்துவிடும். மாதிரி வண்டி செய்பவனுக்கு அதைவிடக் கேவலம் இல்லை. அழுத்தி மூடுவார். மறுநாள் மீண்டும் திறந்திருக்கும், யாரோ உள்ளேயிருந்து இறங்கிப் போய்த் திரும்பி வந்து சரியாகச் சாத்தாமல் விட்டதுபோல. கடைசியில் பசையை எடுத்தார். தண்ணீர்போல் மெலிந்த அந்தப் பசை ஒட்டுவதில்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் அங்கே கதவு என்று ஒன்று இருக்காது. டிரைவர் பக்கத்தை மாலையில் மூடினார். மறுநாள் காலை, மகன் குளித்துக்கொண்டிருந்தபோது, இரண்டும் ஒன்றுபோல் இருக்கட்டும் என்று மறுபக்கத்தையும் மூடினார்.

சற்று நேரத்தில் மகன் வாசலிலிருந்து திரும்பி வந்தான்.

"டிரைவர் பக்கக் கதவு திறக்கவே மாட்டேங்குதுப்பா. வெல்டு வச்ச மாதிரி இருக்கு. மறுபக்கமா ஏறிக்கிறேன்."

சரிசெய்துவிட்டுப் போகலாமே, மழை வேறு வரும்போல இருக்கிறதே என்றாள் மருமகள்.

"உன் மாமனார் வண்டி சொன்ன நேரத்துக்குப் போகலேன்னா ஊரே ரெண்டாயிடும்" என்று சிரித்தவன், அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

போகாதே என்று ஒரு சொல் போதும். அது அவர் நாக்கு வரை வந்தது.

"வந்து பாத்துக்கலாம்" என்றார். "சொன்ன சொல் முக்கியம்."

அறைக்குள் போய் வண்டியை எடுத்தார். இரண்டாவது கதவின் பசை இன்னும் இளகலாகத்தான் இருந்தது. நகத்தால் நெம்பினால் வந்துவிடும். பெயிண்ட் உரியும், பிளாஸ்டிக் நூல் நூலாக இழுபடும், அதுகூடப் பரவாயில்லை. நெம்பினால், நம்பிவிட்டதாக ஆகும். அவரைப் போன்ற ஒருவர் இதை நம்புவதா? வெளியே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. விரலை எடுத்துக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. பொழுது சாயுமுன்பே வீடு இருண்டது, கரண்டும் போயிற்று. கூரையில் விழும் மழை ஒரே சீராக இரைந்தது. அறையில் பெயிண்ட் வாடையை அமுக்கிக்கொண்டு அந்த இலை வாடை ஏறியது. மருமகள் மெழுகுவர்த்தியோடு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறாரு. எதிர்வீட்டு அண்ணன, அவர் வர்ற வழியில ஆத்துப் பாலம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நம்ம வண்டிய ஊரார் தேடிப் போற நாள் இன்னும் வரல."

மெழுகுவர்த்தியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். சமையலறையில் ஒரு பாத்திரத்தை எடுத்து, அப்படியே திரும்ப வைக்கும் சத்தம்.

பிறகு வேறொரு சத்தம். சொட்டு.

அலமாரியைத் திறந்தார். லாரியின் முன்கண்ணாடி உட்புறமாக ஆவி படிந்து வெளுத்திருந்தது. தூக்கினார். கனத்தது. உள்ளே ஏதோ அசைந்தது. கேபினின் தரையில் செம்மண் நிறத்தில் தண்ணீர். இருக்கை வரை.

போன் அடித்தது. மகன். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"அப்பா." அவன் கத்தவில்லை. கத்தாமல் பேசத்தான் அவனை வளர்த்திருந்தார். "பாலத்துக்கிட்ட வண்டி சரிஞ்சு ஆத்துக்குள்ள இறங்கிடுச்சு. கதவு ரெண்டும் திறக்கல. கண்ணாடியும் இறங்கல. உதைச்சுப் பாத்துட்டேன், அசையல."

பெரியவர் கதவோரத்தில் நகத்தை வைத்தார். தடவினார். ஓரமே இல்லை. அவ்வளவு நேர்த்தி. மறுபக்கம். அங்கும் இல்லை.

ரம்பத்தை எடுத்தார். கூரையில் வைத்து இழுத்தார். பல் பிடித்தது.

"அப்பா, மேல ஏதோ அறுக்குது."

கை நின்றது.

"பெருசா இருக்கு. கூரை உள்ள வருது."

ரம்பத்தைக் கீழே போட்டார். தண்ணீரை ஒரு பக்கம் வடிக்கலாம் என்று வண்டியைச் சாய்த்தார். போனில் எல்லாம் உருண்டு மோதும் சத்தம். ஒரு முனகல். சட்டென்று நிமிர்த்தினார். நேராகப் பிடித்தார். இரண்டு கைகளாலும். அசையக் கூடாது. கை நடுங்கியது. ஒவ்வொரு நடுக்கமும் போனில் இரும்பாகக் கேட்டது.

"யாரையாவது கூப்பிடுங்கப்பா."

கூப்பிட்டார். மருமகளை, எதிர்வீட்டுக்காரனை, தெருவை. தன் குரல் அப்படி உடைந்து வெளியே போய் அவர் கேட்டதில்லை. மருமகள் மழைக்குள் ஓடினாள். எங்கெங்கோ கதவுகள் திறந்தன. ஆறு வெகுதூரம்.

போனில் பேச்சு இல்லை. தண்ணீர் மட்டும்.

வண்டியைக் கீழே வைக்க முடியவில்லை. பிடித்திருக்கவும் முடியவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஆவி படிந்த கண்ணாடியை உள்ளேயிருந்து எதுவோ துடைத்தது. ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்தில், எள்ளளவு, ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கை.

தண்ணீர் அதைத் தாண்டி ஏறியது.

கை அங்கேயே இருந்தது.