மத்தியானம் வந்தவள்

மெமரி கார்டு நிறைந்திருந்தது. அது நிறைவதற்கு வழியே இல்லை என்று வெண்மதிக்குத் தெரியும்.

மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்ததிலிருந்து கணவன் இளம்பரிதிக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு அவள் போய்விட்டால் பகல் முழுக்கக் கட்டிலில் தனியாகக் கிடப்பான். அதற்காகத்தான் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றில் கேமராவைப் பொருத்தி, அறையில் ஏதாவது அசைந்தால் மட்டும் படமெடுத்துக் கார்டில் சேமிக்கும்படி அவளே புரோகிராம் எழுதி, பீரோ மேல் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் மத்தியானம் வந்து சோறூட்டிவிட்டுப் போவாள். வேறு அசைவு ஏது?

சித்தேரி மலையிலிருந்து இறங்கிய மழை சாயங்காலத்தையே இருட்டாக்கி, ஓட்டின் மேல் விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, கரண்ட் போன முன்னறையில் லேப்டாப் வெளிச்சத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தவளுக்கு, உள்ளறையின் டெட்டால் வாசனைக்கு அடியிலிருந்து கிணற்றுச் சேற்றின் வாடை மெல்ல எழுந்து வருவதுபோல் இருந்தது.

படங்களைத் திறந்தாள். கட்டில் விளிம்பில் ஒரு பெண். முதுகு மட்டும் தெரிந்தது. ஈரக்கூந்தல் தரையில் கிடந்தது. அடுத்த படத்திலும் அவள்தான். அதற்கடுத்ததிலும். குனிந்து ஊட்டிக்கொண்டே இருந்தாள். தங்கம்மாள் இவ்வளவு ஒல்லியில்லை.

போனை எடுத்தாள்.

"அக்கா, இன்னைக்கு இவருக்குச் சோறு ஊட்டினீங்களா?"

"என்ன கண்ணு கேக்கற? நீதான் இருந்தியே. நானே ஊட்டிக்கறேன், நீங்க வூட்டுக்குப் போங்கன்னு கதவைச் சாத்திட்ட. இந்த வாரம் பூரா அப்படித்தான."

வெண்மதி போனைக் காதிலிருந்து எடுத்தாள். விரல் தானாக அடுத்த படத்தைத் தள்ளியது. அந்தப் பெண் திரும்பியிருந்தாள். கேமராவையே பார்த்தாள்.

வெண்மதியின் முகம்.

உள்ளறைக்குப் போனாள். போன் வெளிச்சத்தில் இளம்பரிதியின் கண்கள் விரிந்தன. அவளைக் கண்டால் வழக்கமாக வரும் சிரிப்பு வரவில்லை.

"ஏங்க. மத்தியானம் வந்தது யாருங்க?"

அவன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"வெண்மதி சமையக்கட்டுல இருக்கா," என்றான் மெதுவாக. "நீ யாரு?"

சமையற்கட்டில் கரண்டி உரசியது.

வளையல் சத்தம். ஈரக்கால்களின் சத்தம். நிதானமாக.

வெண்மதி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

ஈரக்கூந்தல் அவள் தோளை உரசிக் கடந்து போனது. அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கட்டில் விளிம்பில் அமர்ந்தது. மடியில் தட்டு. தட்டு நிறையக் கருப்பாகச் சேறு. அதற்குள் ஏதோ நெளிந்தது.

இளம்பரிதியின் முகத்திலிருந்து பயம் போயிற்று.

"பசிக்குது வெண்மதி," என்று சொல்லி, வாயை அகலத் திறந்தான்.