மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட்

"அந்த ஆறாவது வரி தப்புங்க..."

தரணி சடாரென்று திரும்பினாள். சித்தூர் பஸ், ஜன்னலில் கொட்டும் மழை, மடியில் லேப்டாப். பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடேங்கப்பா, என்ன கண்ணு! ஆனால் அடுத்தவர் ஸ்க்ரீனை மேய்கிற கண்ணாச்சே...

"உங்கள கேட்டேனா?"

"கேக்கல. கன்டெய்னர் பில்டு ஃபைல ஷெல் ஸ்க்ரிப்டா மாத்திக்கினு கீறீங்க இல்ல? பில்டு ஃபைல்ல ஒவ்வொரு வரியும் மொதல் இடத்துலேர்ந்தே ஆரம்பிக்கும். ஸ்க்ரிப்ட்டு அப்டி இல்ல. ஒரு ஃபோல்டருக்குள்ள போனா அங்கியே நின்னுக்கும். நீங்கதான் வெளிய இட்டாரணும்."

"எங்க நகரி ஊர்ல அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்பாங்க."

"எங்க குடிபாலா ஊர்ல வாய் சும்மா இருக்காதுங்க!"

சிரிப்பு வந்தது. வெளியே காட்டுவாளா? உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த வரியை வீம்புக்கென்றே மாற்றவில்லை.

சித்தூரில் இறங்கி, வேலைக்கு வந்த மாம்பழக் கூழ் ஃபாக்டரியின் கம்ப்யூட்டர் ரூமுக்குள் நுழைந்தால்... அவனேதான்! லோகேஸ்வரன், இங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். 'எங்க பழைய சர்வர்ல கன்டெய்னர் ஓடாது, ஸ்க்ரிப்ட்டா குடுங்க' என்று மெயில் போட்ட புண்ணியவான்.

அவள் கொண்டுவந்த சாஃப்ட்வேர் இன்று இங்கே ஓடினால்தான் அவள் வேலை நிரந்தரம். அவள் கம்பெனி மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். சாமியை நினைத்து என்டரைத் தட்டினாள். எரர்... அதன் மேல் எரர். ஃபைல்களெல்லாம் தப்பான ஃபோல்டரில் போய் விழுந்திருந்தன. அவன் டீயை மட்டும் அருகில் வைத்தான்.

அவள் கண் கலங்கிவிட்டது.

"சொல்லித் தொலைங்களேன்..."

"என்னையா கேட்டீங்க?"

"ஆமா! உங்களத்தான்!"

அவன் குனிந்து இடத்தைக் காட்டினான். ஃபோல்டரை விட்டு வெளியே வர ஒரே ஒரு வரி. அவளே தட்டினாள். ஓடியது... நிற்காமல் கடைசிவரை ஓடியது! தரணி நாற்காலியை விட்டுத் துள்ளிக் குதித்தாள். அவன் முகம் மட்டும் ஏனோ வாடியிருந்தது.

"இன்னாங்க, உங்களுக்கு சந்தோஷமில்லையா?"

"ஓடக்கூடாதுன்னு வேண்டிக்கினு இருந்தேங்க... ஓடிட்டா நாளைக்கு நீங்க வரமாட்டீங்களே."

அவளுக்கு நெஞ்சு படபடத்தது. காது வரைக்கும் சூடு.

"அப்புறம் எதுக்கு சொல்லிக் குடுத்தீங்க?"

"நீங்க அழுதா எனக்குத் தாங்கலங்க..."

அவன் கண்ணைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பார்த்தாள். கொஞ்சநஞ்சம் இருந்த வீம்பும் கரைந்துபோனது.

"நாளைக்கு லீவுதான். வேலை ஒண்ணுமே இல்லாம வரேன்..." என்றாள். "உன்னப் பாக்க மட்டும்."