சாய்ந்து மிதிக்கும் சைக்கிள்

கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. ஓடிவந்து ஏறியவன் தலை முதல் கால்வரை நனைந்திருந்தான். நிற்கவே இடமில்லை. ஆனால் மூன்று பேர் உட்காரும் ஒரு சீட்டில் மட்டும் ஒரு பெண், ஜன்னலோரம் வைத்த பையின்மேல் கால்களைத் தூக்கிப் போட்டு, நிம்மதியாகப் படுத்திருந்தாள்!

"ஏங்க... படுத்துகினு போறதுக்கு இது இன்னா ஸ்லீப்பர் பஸ்ஸா?"

அவள் கண்களைத் திறந்தாள். பெரிய கண்கள்... அந்த மழை இருட்டில் மிச்சமிருந்த வெளிச்சமெல்லாம் அங்கேதான் தங்கியிருந்தது.

"டிக்கெட் வாங்கிட்டுத்தான் படுத்திருக்கேன்."

"ஒரு டிக்கெட்டா, மூணு டிக்கெட்டா?"

பரிமளா காரணத்தைச் சொல்லியிருக்கலாம். கண்டக்டரிடம் சொல்லித்தான் படுத்திருந்தாள். ஆனால் சொன்னதும் எல்லா முகமும் ஒரே மாதிரி மாறிவிடும்... 'ஐயோ பாவம்' என்று. அதற்குச் சண்டைக்காரி என்ற பெயரே மேல்! வெடுக்கென்று எழுந்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். வழி நெடுக அவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஆரணி வந்ததும் எழுந்தாள். எழுந்தவளுக்குக் கண் இருட்டியது. உதடு நீலம் பாரித்தது. கம்பியைத் தேடிய கையை அவன் பிடித்து, அவளை மெல்லப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி வைத்தான்.

"ஹார்ட்டா?"

"பொறந்ததுல இருந்தே."

"மன்னிச்சிடுங்க. நான் பிசியோதெரபிஸ்ட். எனக்கே புரிஞ்சிருக்கணும்."

அவன் முகத்தில் பாவம் என்ற பார்வை இல்லை. வெட்கம் இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது... கோபம்தான் இன்னும் பாக்கி!

கோபம் தீருமுன்பே மறுபடி பார்க்க வேண்டியதாகிவிட்டது. உடற்பயிற்சி செய்யச் சொல்லி வேலூர் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆரணியில் இருந்த சின்ன கிளினிக்குக்கு அம்மா தெய்வநாயகியோடு போனால், உள்ளே அவன் நிற்கிறான். பெயர் அன்பரசு. சொந்த ஊர் தேசூர்.

"இங்க எல்லாருக்கும் ஒரு சீட்டுதாங்க," என்றான் சிரிக்காமல்.

அவள்தான் சிரித்துவிட்டாள்.

பாதி இதயம் வளராமலே பிறந்தவள் பரிமளா. சிறு வயதில் நடந்த ஆபரேஷன்கள் உயிரைக் காப்பாற்றின. ஆனால் காலிலிருந்து திரும்பும் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளிவிட அவளுக்குத் தனியாகப் பம்ப் கிடையாது. அது தானாகத்தான் ஏறிப் போக வேண்டும். அதனால் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவாள். தெருமுனை தாண்டினால் மூச்சு வாங்கும்.

நடக்கும் மெஷினிலும் அப்படித்தான் ஆனது. வியர்த்து, வெளிறி, "எனக்கு இதெல்லாம் வராதுங்க... விடுங்க," என்றாள்.

அன்பரசு யோசித்தான். வேலூர் டாக்டரிடம் போனில் பேசினான். பிறகு, முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் சைக்கிளில் அவளை உட்காரவைத்தான்.

"நிக்கும்போது ரத்தம் மேல ஏற வேண்டி இருக்கு. இதுல கால் உசரமா இருக்கில்ல, அவ்ளோ கஷ்டம் இல்ல. எல்லாருக்கும் ஒத்து வரும்னு சொல்ல முடியாதுங்க. உங்களுக்கு வருதான்னு பாப்போம்."

மிதித்தாள். இன்னும் மிதித்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் அடைக்கவில்லை!

"அம்மா... நான் இன்னும் ஓட்டிகினே இருக்கேம்மா!"

தெய்வநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாரங்கள் போயின. அவள் பலம் கூடியது. அவன் கிண்டலும் கூடியது. தன் நாடியில் அவன் விரல் பட்டால் அவளுக்குள் என்னவோ... 'இது பயிற்சியால வர்ற படபடப்பு இல்லையே!'

ஒரு திங்கட்கிழமை அவளுக்காக ஹேமலதா என்ற வேறு பிசியோ காத்திருந்தாள்.

"இனிமே நான்தாங்க உங்களுக்கு. அன்பு சார் மாத்திட்டாரு."

பரிமளாவுக்குச் சுருக்கென்றது. அலுத்துவிட்டதா? அவள் மனசு அவனுக்குத் தெரிந்துவிட்டதா? ரோஷத்தில் நான்கு நாள் கிளினிக் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் ரோஷம் கோபமாக மாறியது. மாலையில், மழை ஓய்ந்த தெருவில், வழியில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து இளைப்பாறி, தனியாக நடந்தே போனாள்.

அவன் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இத்தினி நாளும் பாவம்னு தான் பாத்தீங்களா?"

"பாவம்னா நானே பாத்துகினு இருந்திருப்பேனே!" அவன் குரல் தணிந்தது. "உங்க நாடிய புடிச்சி எண்ணும்போது... எனக்கு எண்ணிக்கை தப்பிடுதுங்க. அப்படி இருக்கறவன் உங்களுக்கு வைத்தியம் பாக்கக் கூடாது. மனசுல இருக்கறத சொல்லணும்னாலும், உங்களுக்கு வைத்தியம் பாக்கறவனா இருக்கக் கூடாது. அதான் மாத்தினேன்."

கூரையிலிருந்து நீர் சொட்டியது. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"இந்த ஹார்ட்டோட கொழந்த பெத்துக்கறது ஆபத்துன்னு டாக்டர் சொல்லி இருக்காங்க. இன்னும் நெறைய சொல்லி இருக்காங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க."

"அடுத்த தடவ வேலூருக்கு நானும் வர்றேன். அவங்க வாயாலயே கேக்கறேன். கேட்டுட்டும் இதையேதான் சொல்வேன். உங்க வீட்ல... எங்க ஜாதி வேறன்னு..."

"அது என் வேல."

போனை எடுத்தாள்.

"அம்மா, அப்பா இருக்காரா? நான் ஒருத்தர கூட்டிகினு வர்றேன்."

"யாரும்மா?"

அன்பரசு பாதி இறக்கிய ஷட்டரைப் பிடித்தபடி நின்றான். அவனைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாக, பரிமளா சொன்னாள்:

"எனக்கு ரொம்பப் புடிச்சவரும்மா."