அம்மா அறைக்குப் போகும் ஒயர்

துர்காபூரில் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் பெஹாலாவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மே மாத மதியம். பெட்டியை இழுத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. அம்மா வாசலில் நின்று தெருவையே கூப்பிட்டுக் காட்டுவாள் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்தது பாபு அண்ணன். மொட்டைத் தலை. முடி லேசாக முளைக்க ஆரம்பித்திருந்தது.

அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டார். அந்த மொட்டைக்கு ஒரே அர்த்தம்தான் மிச்சம்.

"சொல்லியிருந்தா நீ பரீட்சை எழுதியிருக்க மாட்டே," என்றான். "அம்மாவே சொல்லக் கூடாதுன்னுட்டா, பூர்ணி."

நான் அவனை அறையவில்லை. அறைந்திருக்க வேண்டும். நெட் வேலை செய்யலை, அம்மா தூங்குறா என்று போனில் அளந்துகொண்டே எரித்திருக்கிறான், காரியம் முடித்திருக்கிறான், வீட்டைக் கழுவிவிட்டிருக்கிறான். எல்லாம் என் மார்க்குக்காக. ஒரு பட்டதாரிக்காகச் சாவையே ஒளித்து வைக்கிற வீடு எங்களுடையது.

வங்காளத்தில் இருந்தும் அம்மாவுக்குக் கடைசிவரை வங்காள மொழி வரவில்லை. கட்டிலுக்கு எதிரே இருந்த டிவியில் வரும் ஒரே தமிழ் சேனல்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. படுக்கையில் விழுந்த பிறகு, என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அண்ணனை நச்சரித்து, அந்தக் கேபிளிலேயே இன்டர்நெட் போட வைத்தாள். நான் ஹாஸ்டல் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்காருவேன். அவள் படம் கட்டம் கட்டமாக உடைந்து வரும்.

கடைசியாகப் பேசிய அன்று, "பூர்ணி, நீ—" என்றாள். அப்படியே உறைந்தது. வாய் பாதி திறந்தபடி. அப்புறம் லைன் போய்விட்டது.

நீ, என்ன? அண்ணனுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் அவன் துறைமுகத்தில் டியூட்டியில் இருந்தான். அந்த மிச்ச வாக்கியம் எனக்கு வேண்டும். கூலி வேலைக்குப் போனவள் கூலி கேட்கிற மாதிரி, எனக்குப் பாக்கி இருந்தது அது ஒன்றுதான்.

சென்னைக் கம்பெனி ஒன்று என்னை வெப்கேமில் இன்டர்வியூ செய்வதாக இருந்தது. நெட்டோ அதே நொண்டி நெட். கேபிள்காரர் தபன் வந்து, தெருப் பெட்டியில் சிக்னல் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குள் எங்கோதான் போய்த் தொலைகிறது, ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார் என்று வங்காள மொழியில் சொல்லிவிட்டு, அம்மா கட்டிலைப் பார்க்காமல் கிளம்பினார்.

பிடித்துக்கொண்டே போனேன். ஜன்னல் ஓட்டை, பரண், சுவர் மூலை. அம்மாவின் கட்டிலுக்குப் பின்னால் ஒரு ஸ்ப்ளிட்டர். உள்ளே வரும் ஒரே ஒயரை இரண்டாகப் பிரிக்கிற சின்னத் தகரப் பெட்டி. ஒரு பக்கம் மோடத்துக்குப் போனது. டிவிக்குப் போக வேண்டிய இன்னொரு பக்கத்தில் ஒயரே இல்லை.

"இது ஏன் கழட்டிக் கிடக்கு?"

அண்ணன் நிலைப்படியில் குந்தினான். "அம்மாதான் கழட்டச் சொன்னா. டிவிக்குப் போறதும் பொண்ணு முகத்துக்கே போகட்டும்னு. அதுக்கப்புறம் அவ சீரியலே பாக்கல."

ஒயரைக் கழற்றினால் போதாது. பெட்டி அங்கே இருக்கிறவரை, அந்தப் பக்கம் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாதி சிக்னல் பிரிந்துகொண்டேதான் இருக்கும். அம்மா விட்டுக்கொடுத்தது எனக்கு வந்து சேரவே இல்லை. தன் ஒரே பேச்சுத்துணையை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். சும்மா.

இதை அண்ணனிடம் சொன்னேன். அவனுக்கும் வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். தலையைத் தடவிக்கொண்டே எழுந்து வெளியே போனான்.

பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு ஒயரையும் நேராக இணைத்து முறுக்கினேன். அதுவரை சிமிட்டிக்கொண்டிருந்த மோடம் விளக்கு அசையாமல் நின்று எரிந்தது.

வெளியே கால்பைசாகி என்கிற கோடைப் புயல் கட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலமே அறை கறுத்தது. பக்கத்து வீட்டுத் தகரக்கூரை படபடத்து, சட்டென்று அடங்கியது. கழுவிவிட்ட வீட்டில் எங்கிருந்தோ அம்மா நெற்றியில் தேய்க்கும் தைல வாசனை.

ஹெட்போனை மாட்டி, கேமராவைச் சோதித்தேன். என் முகம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. பின்னால் அம்மாவின் கட்டில்.

திரையில் மெத்தை அழுந்தியது.

ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு.

திரும்பிப் பார்த்தேன். மெத்தை சமமாகக் கிடந்தது.

திரையில் அப்படி இல்லை.

திரையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நீல நைட்டி. வாய் பாதி திறந்தபடி. அன்று எந்த இடத்தில் உறைந்தாளோ, அதே இடத்தில்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

உதடு நின்ற பிறகுதான், வெகு தூரத்திலிருந்து வருவதுபோல், காதுக்குள் குரல் வந்தது.

"—கெளம்பி வந்துடுடி. எனக்குப் பயமா இருக்கு."

அவ்வளவுதான். எல்லோரிடமும் சொல்லாதே சொல்லாதே என்றவள், அண்ணன் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் கேட்டிருக்கிறாள். அது எனக்கு இப்போது வருகிறது.

"வந்துட்டேம்மா," என்றேன். "இங்கதாம்மா இருக்கேன்."

அவளுக்குக் கேட்கவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒயரை மோடத்திலிருந்து பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. அம்மா அணையவில்லை. கண்ணீர் திரையை மறைத்தது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது கட்டில் காலி.

திங்கட்கிழமை இன்டர்வியூ. படம் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. சென்னையிலிருந்து பட்டாபிராமன் என்கிற ஆபீசர் மரியாதையாகத்தான் கேள்வி கேட்டார். பாதியில் என் தலைக்குப் பின்னால் பார்த்தார்.

"உங்க அம்மாவா? இன்டர்வியூ முடியற வரைக்கும் அவங்களைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்றீங்களா?"

நான் திரும்பவில்லை. தைல வாசனை கழுத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

"சொல்ல மாட்டேன் சார்."

அவர் பார்வை மெதுவாக என் வலது தோளுக்கு இறங்கியது.

அங்கே சில்லென்று ஒரு உள்ளங்கை அழுந்தியது.